சிவநேசன் அண்ணைக்காக நரியை அழைத்தேன்

முயல் சாகும்போது எப்படிக் கத்தும் என்று நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சத்தத்தை எழுப்பும் ஊதல்களை ஒரு கயிற்றில் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாரிஸில் இறங்கினேன். சுங்கத்தில் இருந்த இளைஞர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இசைக் கலைஞரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொயோட்டி வேட்டை என்று விளக்க ஆரம்பித்திருந்தால் அன்றைக்கு வெளியே வந்திருக்க முடியாது.

நான் சேலத்துக்காரன். எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கனடாவில், கால்கரியில் வேலை பார்க்கிறேன். அங்கே என் அலுவலகத்தில் பாதிப் பேர் பனிக்காலத்தில் கொயோட்டி வேட்டைக்குப் போவார்கள். கொயோட்டி என்பது நம் குள்ளநரிக்கு அமெரிக்கப் பங்காளி. ஆட்டுக்குட்டிகளைத் தூக்குகிறது என்று பண்ணைக்காரர்களே வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டு விடுவார்கள். வரும் குளிரில் என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். காணொளி காணொளியாகப் பார்த்தேன். இணையக் குழுக்களில் சேர்ந்து, வாழ்நாள் முழுக்க வேட்டையாடியவர்களின் தவறுகளைத் திருத்தினேன். இவ்வளவும் செய்த நான் அதுவரை ஒரு கொயோட்டியைக்கூட அழைத்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவன் எந்த ஊதலை வாங்க வேண்டும் என்பதில் அந்த உலகமே கட்சி பிரிந்து கிடக்கிறது. மூடிய நாக்கு, அதாவது அதிர்கிற தகடு உள்ளே மறைந்திருப்பது, ஒரு கட்சி. சும்மா ஊதினால் போதும், அடிபட்ட முயல் கத்தும். ஆனால் அந்த ஒரே கத்தல்தான். திறந்த நாக்கு இன்னொரு கட்சி. பல்லும் உதடும் அழுத்துகிற இடத்தைப் பொறுத்து முயல், மான்குட்டி, கொயோட்டியின் ஊளை எல்லாம் வரும். பழகாதவனுக்குக் காற்று மட்டும் வரும். மூன்றாவது கட்சி பேட்டரி போட்ட பெட்டி. பொத்தானை அமுக்கிவிட்டு நாம் பிஸ்கட் சாப்பிடலாம். எல்லாக் கட்சியிலும் நியாயம் இருப்பதாகப் பட்டதால் நான் எல்லாவற்றையும் வாங்கியிருந்தேன். அதன் பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

ஊருக்குப் போகிற வழியில் பாரிஸில் இறங்கியதும் இதற்காகத்தான். அங்கே கையால் கடைந்த மர ஊதல் கிடைக்கும் என்று படித்திருந்தேன். தங்குவதற்கு என் அறைத்தோழன் ரூபன், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் இருக்கும் தன் அண்ணன் சிவநேசனின் வீட்டைச் சொன்னான். "அண்ணை புதுசாக் கடை திறக்கிறார் மச்சான். அவரோடை என்ன வேணுமெண்டாலும் கதை, வியாபாரம் மட்டும் கதைக்காதை" என்றான். நான் வியாபாரம் பேசவில்லை. நரியைப் பற்றித்தான் பேசினேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும். சேலத்தில் இடியப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். இங்கே மஞ்சள் நிறச் சொதியில் அது மிதந்துகொண்டு வந்தது. மூன்றாவது முறை கேட்டு வாங்கியபோது ரூபனின் அண்ணியார் மலர் அக்காவின் முகத்தில் எனக்கு நல்ல மதிப்பெண் விழுந்தது தெரிந்தது.

"தம்பி லீவுக்கு என்ன செய்யிறனீர்?" என்று கேட்டார் சிவநேசன் அண்ணை. ஒல்லியான மனிதர். பேசும்போதே கண்ணை மூடிக்கொள்வார்.

விளக்கினேன். ஊதல்களைக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க சேலம் பக்கம் பொங்கல் சமயத்துல வங்காநரியப் புடிச்சு ஊரெல்லாம் காட்டுவாங்கண்ணா. நரி முகத்துல முழிச்சா அந்த வருஷம் முழுக்க அமோகம்னு நம்பிக்கை. இப்ப வனத்துறை விடறதில்ல" என்று சேர்த்தேன்.

அண்ணையின் கையில் இருந்த இடியப்பம் பாதி வழியில் நின்றது. கண் முழுதாகத் திறந்தது.

"மலர், கேட்டனீரே? நான் சொன்னனான் எல்லோ. எங்கடை ஆக்களும் நரி முகத்திலை முழிக்கிறது எண்டு சொல்லுறவை."

"சொல்லுறவைதான். ஆரும் நரியைத் தேடிப் போறேல்லை."

"தேடிப் போகத் தேவையில்லை. தம்பி கூப்பிடுவார். நரி வரும். லா கூர்னெவ் பார்க்கிலை நரி நிக்குது, ஓடப்போற பெடியள் கண்டிருக்கிறாங்கள்."

அன்றிரவே எனக்கு முழு நிலவரமும் தெரிந்துவிட்டது. அண்ணை முதலில் டெலிபோன் கார்டு கடை வைத்தார். எல்லாருடைய கைபேசியிலும் இலவச அழைப்பு வந்த வருஷம் அது. பிறகு சினிமாப் பட சீடிகள் விற்றார். அது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது மூன்றாவதாகப் பலகாரக் கடை: ரோல்ஸ், பற்றீஸ், வடை, மிக்சர். இந்த முறை சமையல் மலர் அக்கா. அதற்காக ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பார்த்துவந்த நிரந்தர வேலையை எழுதிக்கொடுத்து விட்டுவிட்டார். இதுவும் படுத்தால் இந்த வீட்டுக்கு வாடகை கட்ட முடியாது. புறநகரில், திரான்சியில் அக்காவின் தம்பி வீட்டு மேல்மாடிக்குப் போக வேண்டும். அந்தத் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து, "அறை ரெடி அத்தான்" என்று அன்பாகச் சொல்கிறாராம்.

"ரெண்டு தரமும் முழிவியளம் சரியில்லை தம்பி" என்றார் அண்ணை. முழிவியளம் என்றால் காலையில் கண் திறந்ததும் முதலில் படுகிற முகம். அதன் பலன் அந்தக் காரியத்துக்கே ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு.

அடுக்களைக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. "ரெண்டு கடை திறந்த அண்டும் நீங்கள் முழிச்சது ஆற்றை முகத்திலை?"

அண்ணை யோசிக்காமல் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் யோசித்துவிட்டார்.

"சொல்லுங்கோவன். என்ரை முகத்திலைதானே? அப்ப என்ரை மூஞ்சையாலைதான் ரெண்டும் படுத்தது. காட் விக்காமல் போனதும் என்னாலை, சீடி விக்காமல் போனதும் என்னாலை!"

"நான் அப்பிடிச் சொன்னனானே?"

"போங்கோ, நரியைக் கட்டியிருக்கலாம்."

இரண்டாம் நாள் அண்ணை எனக்கு மொழிபெயர்ப்பாளராக வேட்டைப் பொருள் கடைக்கு வந்தார். கண்ணாடிக் கூண்டுகளில் ஊதல்கள் நகைபோல வரிசையாகக் கிடந்தன. நம் ஊரில் இந்த அலங்காரத்துக்குள் நெக்லஸ்தான் இருக்கும். கடைக்காரம்மா வெள்ளி முடியை உயர்த்திக் கட்டியிருந்தார். மேசைக்கடியில் ஒரு வேட்டை நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"கொயோட்டிக்கு ஊதல் வேண்டுமாம்" என்று அண்ணை பிரெஞ்சில் சொன்னார்.

"பிரான்ஸில் கொயோட்டி இல்லை. நரி இருக்கிறது."

"இவருக்குக் கொயோட்டி. எனக்கு நரி. ஒரே ஊதலில் இரண்டும் முடியுமா?"

அந்த அம்மா எங்கள் இருவரையும் தராசில் வைத்ததுபோல் பார்த்தார். பிறகு கடையிலேயே விலை கூடிய ஊதலை எடுத்துவைத்து, "இது எதற்கும் ஆகும்" என்றார். ஊதியும் காட்டினார். நாய் அசையவில்லை. இன்னொன்றை ஊதினார். நாய் அசையவில்லை. நான் என் கழுத்திலிருந்து திறந்த நாக்கை எடுத்து, காணொளியில் கற்ற வித்தையெல்லாம் காட்டினேன். நாய் எழுந்து, உள்ளறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பேட்டரிப் பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, வேட்டையில் அது இங்கே ஆகாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். விலை கூடிய ஊதலை வாங்கினேன். மரம் அவ்வளவு அழகு. அது வாத்தை அழைக்கிற ஊதல் என்பது வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைப் படித்தபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் வீட்டில் ஒத்திகை. மலர் அக்கா மேசையில் ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தார். அண்ணை சோபாவில் நரியாக உட்கார்ந்திருந்தார். அதாவது, எந்தச் சத்தத்துக்கு நரிக்கு வரத் தோன்றும் என்று கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வது அவர் பொறுப்பு. திறந்த நாக்கை ஊதினேன்.

"ஐயோ, ஆரோ நாதஸ்வரத்தை மிரிச்ச மாதிரி" என்றார் அக்கா.

மூடிய நாக்கை முழு மூச்சில் ஊதினேன். உள்ளபடியே பயங்கரமாக வந்தது. எனக்கே மயிர் கூச்செறிந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு முசியே அந்துவான், ஓய்வுபெற்ற தபால்காரர், பாண்டிச்சேரிக்காரர். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"என்னா மதாம், யாருக்கு என்னா ஆச்சு? நான் சியெஸ்த்துல நல்லா தூங்கிக்கிட்டு இருந்தேன். கொழந்தய யாரோ கழுத்த நெரிக்கிற மாதிரி கேட்டுச்சு. பொலிஸுக்குப் போன் போட்டுட்டேன், பாதியில வச்சிட்டேன்."

"ஒண்டுமில்லை முசியே. உவர் முயல்."

முசியே என்னை மேலும் கீழும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே வந்து உட்கார்ந்து, சூடான ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். "நான் கிறிஸ்துவன், இதெல்லாம் நம்பறதில்ல" என்றார். இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டு, "நரி எடப்பக்கம் வரணுமா, வலப்பக்கம் வரணுமா?" என்று கேட்டார்.

கடைசியில் தேர்ந்தெடுத்தவர் மலர் அக்காதான். கயிற்றின் நுனியில் தொங்கிய, விரல் நீளம்கூட இல்லாத மூடிய நாக்கு ஊதல். எலிக்குஞ்சு முனகுவதுபோல் மெல்லக் கீச்சிடும். நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மற்றவற்றுக்கு இலவசமாக வந்தது. "உதை ஊதும். உதுதான் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது" என்று அதைத் தொட்டுக் காட்டினார். வேட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சொன்னது; ஆனால் ஊருக்கு நடுவில் இருக்கும் பூங்காவில் பெரிய ஓலம் விட்டால் நரிக்கு முன்னால் போலீஸ் வரும் என்பது எனக்கும் உறைத்தது. இணையத்தில் பல மாதம் நடந்த விவாதம் இப்படி முடிந்தது.

அன்று மாலை கடைத்தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. அண்ணையே ஒவ்வொரு கடையாக ஏறி, "நாளைக்குக் கடை திறப்பு, வாங்கோ. விடிய நரி பார்த்திட்டு வாறன்" என்று சொல்லியிருந்தார். மரக்கறிக் கடைக்காரர் என்னைக் காட்டி, "உவரோ நரி கூப்பிடுறவர்?" என்று மெதுவாக விசாரித்தார். கால்கரியில் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

கடை திறக்கிற நாள். முழிவியளத்துக்கு ஒரு சட்டம் உண்டு: நரிக்கு முன்னால் வேறு முகம் கண்ணில் படக்கூடாது. ஆகவே சிவநேசன் அண்ணை விடியலில் கண்ணைத் திறக்காமலே எழுந்தார். கண்ணைத் திறக்காமலே பல் விளக்கினார். மலர் அக்கா சட்டையை மாட்டிவிட்டு, "விழுந்து கையைக் காலை முறிச்சுப் போடாதேங்கோ. ரோல்ஸ் பொரிக்க ஆளில்லை" என்று சொல்லி அனுப்பினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரயிலில் உடனே இடம் கிடைத்தது. ஆப்பிரிக்கப் பெண் ஒருவர் எழுந்து, அண்ணையைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "கடவுள் உங்கள் பார்வையைத் திருப்பித் தரட்டும்" என்றார். அண்ணை கண்ணை மூடியபடியே, "நன்றி, இன்னும் கொஞ்ச நேரத்தில் தருவார்" என்று பதில் சொன்னார். 

சரியாக அப்போது டிக்கெட் சோதனையாளர்கள் ஏறினார்கள். அண்ணை தன் அட்டையை எதிர்த்திசையில் நீட்டினார். என் டிக்கெட் என்னிடம் இல்லை. நிலையத்துக்குள் நுழைந்ததும் வேலை முடிந்தது என்று அதைக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தேன்.

"நீங்கள் இவருக்குத் துணையாக வருகிறீர்களா?" என்று சோதனையாளர் கனிவோடு கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் தப்பித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அண்ணைக்குப் பொய் பிடிக்காது.

"எனக்குக் கண் நன்றாகத் தெரியும், முசியே. உங்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்றுதான் மூடியிருக்கிறேன்."

"என் முகத்துக்கு என்ன?"

"தவறாக எடுக்காதீர்கள். இவர் எனக்கு ஒரு நரியைக் கூப்பிட்டுத் தருவார்."

சோதனையாளர் என் கழுத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். தன் தோழரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். இந்த வேலையில் கேட்காத சாக்குப்போக்கு இல்லை, இது புதிது என்று பாராட்டிவிட்டு அபராதச் சீட்டை எழுதினார். சேலம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் திட்டுவார், அதோடு தீர்ந்தது. இங்கே திட்டே இல்லாமல், நல்ல நாள் வாழ்த்தும் சொல்லி, பணத்தை வாங்கிவிடுகிறார்கள்.

பூங்காவில் புல்லெல்லாம் பனி ஈரம். புதர் ஓரமாக ஒரு மரத்தடியில் அண்ணையைச் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். விரலை நக்கிக் காற்றைப் பார்த்தேன். "நரி வந்ததும் உங்க தோளத் தட்டுவேன். அப்ப கண்ணத் திறங்க. அதுவரைக்கும் மூச்சுகூட விடாதீங்கண்ணா" என்றேன்.

"ஓம். தட்டும்."

குட்டி ஊதலை உதட்டில் வைத்து முனகினேன். நிறுத்தினேன். மறுபடி முனகினேன். தூரத்தில் முதல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு முயல்கூட எட்டிப்பார்க்கவில்லை. காணொளிகளில் இந்த இடத்தை வெட்டிவிடுவார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. குளிரில் கால் மரத்தது. அண்ணையின் உதடுகள் ஏதோ தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்புறம், நான் பார்த்துக்கொண்டிருந்த திசையில் இல்லாமல், எங்களுக்கு இடப்பக்கம், காற்று போகும் பக்கமாகச் சுற்றிக்கொண்டு அது வந்து நின்றது. சத்தமே இல்லை. செம்மண் நிறம். முன்னங்கால் இரண்டும் கறுப்புக் காலுறை போட்டதுபோல. காதுகள் என் உதட்டை நோக்கித் திரும்பியிருந்தன. என் வாழ்க்கையில் நான் கூப்பிட்டு வந்த முதல் பிராணி. நெஞ்சு அடித்த அடியில் ஊதல் தானாகவே கீச்சிட்டது. அந்த நிமிஷம் வேட்டை, துப்பாக்கி, கால்கரி எதுவும் ஞாபகத்தில் இல்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று மட்டும் இருந்தது.

தோளைத் தட்டினேன்.

தோளைத் தட்டினால் மனிதன் என்ன செய்வான்? தட்டியவன் பக்கம் திரும்புவான். அண்ணை திரும்பினார். கண்ணைத் திறந்தார். ஒரு சாண் தூரத்தில், ஊதலைக் கவ்வி, கன்னம் உப்பி, கண் பிதுங்கிய என் முகம்.

நாங்கள் இருவரும் அசையவில்லை. நரி அசைந்தது. புதருக்குள் வால் நுனி மறைவதை நான் மட்டும் பார்த்தேன்.

"நீரோ?" என்றார் அண்ணை.

"நான்தாண்ணா."

"நரி?"

"போயிடுச்சு."

அவர் கண்ணை மறுபடி இறுக்க மூடினார். "இது கணக்கில்லை. நான் திருப்பி நித்திரை கொள்ளுறன். எழும்பினாப் பேந்து புது முழிவியளம்." ஈரப்புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். மல்லாந்து பார்த்தார், ஒருக்களித்துப் பார்த்தார். தூக்கம் எப்படி வரும்? ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம், தூங்க முயற்சி செய்கிறார் என்றேன். ஐயர் குறித்துக்கொடுத்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணையே எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது ரயிலின் ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தை அவ்வப்போது உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் கேட்டு வந்தவனை வங்கி மேலாளர் பார்ப்பதுபோல.

கடை வாசலில் கூட்டம் நின்றது. ரோல்ஸுக்காக அல்ல.

"நரியைக் கண்டனீங்களோ?" என்றார் மரக்கறிக் கடைக்காரர், அண்ணை படி ஏறும் முன்பே.

மலர் அக்கா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். அண்ணை என்னைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். என் பேச்சைக் கேட்டு இந்த வீடு திரான்சி மேல்மாடிக்குப் போகப்போகிறது என்றும் அந்த நொடியில் தோன்றியது.

"கண்டனான்" என்றார் அண்ணை. கையை என் தோளில் போட்டார். "எம்.எஸ்சி. படிச்ச நரி."

முதலில் முசியே அந்துவான் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லச் சொன்னார்கள். அண்ணை சொன்னார். கேட்டு முடித்த பிறகு வெறுங்கையோடு வெளியே போவது யாருக்கும் மரியாதையாகப் படவில்லை. ஆளுக்கு ஒரு பொட்டலம் வாங்கினார்கள். அவர்கள் போய்ச் சொல்ல, அடுத்த கூட்டம் வந்தது. "ஆர் நரி? உவரோ?" என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, பற்றீஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்கு முன்பே தட்டுகள் காலி. அக்கா மறுபடி மா பிசைந்தார். தள்ளுவண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே காட்டிய தாய்மார்களும் உண்டு.

அதற்கடுத்த இரண்டு காலையும் எனக்குப் பயங்கரமானவை. கூடத்துச் சோபாவில்தான் என் படுக்கை. விடியலில் சுவரைத் தடவும் சத்தம் கேட்கும். லுங்கியோடு அண்ணை, கண்ணை மூடி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து வருவார். தலைமாட்டில் உட்கார்ந்து, என் மூக்கைத் தொட்டு இடத்தை உறுதிசெய்துகொண்டு, கண்ணைத் திறப்பார். "காணும், இனி நீர் படுத்து நித்திரை கொள்ளும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். இரண்டு நாளும் ரோல்ஸ் மிஞ்சவில்லை.

நான் புறப்படுகிற நாள் அண்ணை கடையில் இருந்தார். மலர் அக்கா வீட்டுக்கு வந்து, வழிக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு தன் கைபேசியை எடுத்து, "உதிலை, வெளிச்சத்திலை நில்லும் தம்பி" என்றார்.

"எதுக்குக்கா?"

"படம் ஒண்டு எடுப்பம். பெரிசா அடிச்சுக் கட்டிலுக்கு நேரை கொழுவ." என் பார்வையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு உதிலை ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனா நான் வேலையை எழுதிக் குடுத்திட்டன் பாரும்."

நின்றேன். எல்லாப் படத்துக்கும் போல வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

"சிரிக்காதையும்" என்றார் அக்கா, கைபேசிக்குப் பின்னாலிருந்து. "நரி மாதிரிப் பாரும்."